தியோடருக்காக அவை எழுந்து நின்றது

கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் மேலவைக்கு முதல் வேலை செத்தவர்களை வழியனுப்புவது. பழைய உறுப்பினர் யாராவது காலமாகியிருந்தால் தலைவர் எழுந்து பெயரைச் சொல்வார், நாலு நல்ல வார்த்தை படிப்பார். கட்சிக்கு ஒருவர் பேசுவார். பிறகு எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்பார்கள். உட்கார்ந்ததும் பழையபடி சண்டை தொடங்கும். இருந்தவரைக்கும் மைக்கைப் பிடுங்கியவன்கூட அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அது ஒரு மரியாதை.

தலைவர் இருக்கைக்குக் கீழே, அவையின் நட்ட நடுவில், சுருக்கெழுத்து மேசை. ஜூலியா அங்கே உட்கார்ந்திருந்தாள். அவையில் யார் எதைச் சொன்னாலும் கன்னடத்தில் அது அவள் பென்சிலுக்கு வந்தாக வேண்டும். அவள் கை வலிக்கும் நேரத்துக்கு நோயல் வந்து மாற்றுவான். அந்த மேசைக்குக் காது உண்டு, கை உண்டு, வாய் கிடையாது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர் அவைக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும்.

தலைவர் மூன்றாவது பெயரைப் படித்தார். "நீலசந்திராவைச் சேர்ந்த தொழிலாளர் தலைவர், இந்த அவையின் முன்னாள் உறுப்பினர் தியோடர் அவர்கள் காலமான செய்தியை வருத்தத்தோடு தெரிவிக்கிறேன்."

கை எழுதி முடித்த பிறகுதான் தலைக்கு ஏறியது. தியோடர் அவளுடைய அப்பா. அன்று காலை அந்த மனிதர் தட்டைத் தள்ளிவிட்டு, "குவாரியில ஒடைச்சது பத்தாதுன்னு இட்லியும் கல்லா?" என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நீலசந்திராவில் பஸ் ஏறியிருந்தாள்.

அவள் தியோடரின் மகள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பரீட்சை எழுதி வந்த வேலை இது. அப்பன் சிபாரிசு என்று எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதென்று இத்தனை வருஷமும் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் முந்தின நாளே யாராவது கேட்டிருப்பார்கள். கோலார் பக்கம் செத்துப்போனவர் வேறொரு தியோடர், பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்திருக்கும்.

எதிர்க்கட்சி வரிசையிலிருந்து சேஷகிரி எழுந்தார். விதிப்புத்தகத்தையே கரைத்துக் குடித்தவர். தியோடர் உறுப்பினராக இருந்த காலத்தில், அவர் வாயைத் திறந்தால் போதும், ஒழுங்குப் பிரச்சினை என்று எழுந்து பேச்சை அறுத்தவர். "ஏழைகளின் தோழர்" என்றார் இப்போது. அதையும் ஜூலியாவின் கை எழுதியது.

எல்லாரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.

எழாமல் இருந்திருக்கலாம். பழக்கம் பொல்லாதது. செக்குமாட்டை அவிழ்த்துவிட்டாலும் சுற்றத்தான் செய்யும். முழங்கால் தானாக நிமிர்ந்தது, தலை தானாகக் குனிந்தது. வீட்டில் குத்துக்கல்லாக இருக்கும் அப்பனின் சாவுக்கு மகள் மௌனம் நின்றாள்.

மற்ற நாட்களில் இந்த மௌனத்துக்குள் யாராவது இருமுவார்கள், நாற்காலி முனகும், மேலே பார்வையாளர் மாடத்தில் ஒரு போன் அலறி அடங்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். குவாரியில் திரியைப் பற்றவைத்துவிட்டு எல்லாரும் ஓடி ஒதுங்குவார்கள். வெடிப்பதற்கு முன்னால் காக்கா குருவிகூட மூச்சுவிடாத ஒரு அமைதி வரும். அந்த அமைதி அவைக்குள் வந்து நின்றது. வெடி மட்டும் வரவில்லை.

தலைவர் நன்றி சொன்னார், உட்கார்ந்தார்கள், சத்தம் திரும்பியது. ஆனாலும் அது போய்விடவில்லை, எங்கேயோ தூண் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

நோயல் மாற்ற வந்ததும் வெளியே ஓடிப் போன் செய்தாள்.

"அப்பா?"

"பின்ன, ஆவியா? சொல்லு ஜூலி."

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு.

"சேஷகிரி பேசினானா?"

"பேசினாருப்பா. ஏழைங்க தோழர்னாரு."

"அடப்பாவி! பேசவே விட மாட்டான் அவன். ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். கல்லு ஒடைச்சவனுக்குச் செத்தாத்தான் பொன்னு, பாத்தியா?" சிரிப்பு அடங்கியது. "எல்லாரும் எழுந்து நின்னாங்களா?"

"நின்னாங்க."

"நீ?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி விடு. டூட்டி. நீ என்ன பண்ணுவ," என்றார். இப்போது குரலில் சிரிப்பு இல்லை. குரலே கொஞ்சம் தூரம் போன மாதிரி இருந்தது.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். தலைவரிடம் ஓடிப்போய்த் திரும்பி வந்து, "நாளைக்குக் காலையில சபையிலயே திருத்திடுவாரு. சொன்னது எல்லாத்தையும் பதிவிலிருந்து எடுத்துடலாம். ஒண்ணும் இல்ல, போங்க," என்றார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அம்மா பவுலின் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று ஜூலியாவுக்கு, ஒன்று தனக்கு.

"எனக்கு?" என்றார் தியோடர், ஜன்னலோர நாற்காலியிலிருந்து.

பவுலின் டம்ளரை உறிஞ்சினாள்.

"ஏய் பவுலின், எனக்கு எங்கடி?"

"அய்ய, இங்கதான் இருக்கீங்களா!" அவள் திடுக்கிட்டுச் சேலையில் காப்பியைக் கொட்டிக்கொண்டாள். "வெளிய போயிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்."

"காலையிலருந்து இதே எடத்துல உக்காந்திருக்கேன்."

அடுத்த வீட்டு ஆஞ்சலா கொத்தமல்லி கேட்டு வந்தாள். பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனவள், நாற்காலியின் கையைப் பிடித்து உட்காரத் திரும்பினாள். ஜூலியா பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"என்ன ஜூலி?"

"அப்பா இருக்காரு."

ஆஞ்சலா குனிந்து பார்த்தாள். இருட்டில் சாவித்துவாரம் தேடுகிறவள் போலக் கண்ணை இடுக்கினாள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ஓ... அங்கிள். சாரி அங்கிள், கவனிக்கல," என்று சிரித்தாள். சிரிப்பு அவர் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில், சுவரைப் பார்த்து இருந்தது.

அவள் போனதும் தியோடர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உளி பிடித்துக் காய்த்துப்போன கை. "நாளைக்கு நானும் வரேன்," என்றார். "கேலரியில போய் உக்காருறேன். எத்தனை தலை எனக்காகக் குனிஞ்சுதோ அத்தனை தலையும் நிமிர்ந்து என்னைப் பாக்கணும். அப்பத்தான் இது தீரும்."

மறுநாள் இருவரும் போனார்கள். குவாரியில் பாறை உருண்டு நசுக்கிய காலில் தியோடருக்குத் தொடை நீளத்துக்கு எஃகுக் கம்பி. எந்த ஆபீஸ் வாசலுக்குப் போனாலும் அங்கே நிற்கும் மெட்டல் டிடெக்டர் கூவும், போலீஸ்காரர்கள் தடவுவார்கள், அவர் கதை சொல்லுவார். இன்றைக்கு அவர் அதற்குள் நுழைந்தார், வெளியே வந்தார். அது வாயைத் திறக்கவில்லை. பின்னால் வந்த ஜூலியாவின் சாவிக்கொத்துக்குக் கூவியது.

தியோடர் நின்று அதைத் திரும்பிப் பார்த்தார். "மிஷின் ரிப்பேர் போல," என்றார். அதை அவரே நம்பவில்லை.

படிக்கட்டில் நோயல் எதிரே வந்தான். "குட் மார்னிங் மேடம். அப்பாவைக் கூட்டிட்டு வரேன்னீங்களே, வரலையா?"

தியோடர் அவனுக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நோயல், கையைக் குடு," என்றாள் ஜூலியா.

"ஏன் மேடம்?"

"குடுன்னா குடு."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து அப்பாவின் கையில் வைத்தாள். நோயலின் முகம் வெளுத்தது. "சாரி சார், சாரி சார்," என்றான். போகும்போது கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே போனான்.

மாடத்தில், தூணுக்குப் பக்கத்து இருக்கையில் அவரை உட்காரவைத்துவிட்டு அவள் கீழே தன் மேசைக்கு வந்தாள். மேலே மகளிர் குழு ஒன்று சபை பார்க்க வந்து வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது.

தலைவர் எழுந்தார். "நேற்று நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன். தியோடர் அவர்களைப் பற்றி இரங்கலாகச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அனைத்தும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. அவர் நலமாக இருக்கிறார். இதோ, மாடத்தில் அமர்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

மேசைகளைத் தட்டினார்கள். எல்லாத் தலையும் மேலே திரும்பியது. ஜூலியா பென்சிலைப் பிடித்தபடி அந்தக் கண்களைப் பார்த்தாள். ஒன்றுகூட ஓரிடத்தில் போய் நிற்கவில்லை. முன்வரிசை, பின்வரிசை, தூண் என்று எல்லாம் மேய்ந்துகொண்டே இருந்தன.

சேஷகிரி எழுந்தார். "ஒழுங்குப் பிரச்சினை. பேசியதை நீக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. ஆனால் இந்த அவை எழுந்து மௌனமாக நின்றதே, அதை எப்படி நீக்குவீர்கள்? மௌனம் வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாததை நீக்க விதியில் இடம் இல்லை."

"சேஷகிரிக்கு மௌனத்தைப் பத்தி என்ன சார் தெரியும்? ஒரு நாளாச்சும் இருந்திருக்காரா?" என்று ஆளுங்கட்சிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. அவை சிரித்தது. தலைவரும் சிரித்தார்.

"சரி, அவையே தீர்மானிக்கட்டும். தியோடர் அவர்களுக்காக நின்ற மௌனத்தை இந்த அவை திரும்பப் பெறுகிறது என்பது தீர்மானம். ஆம் என்போர்?"

"ஆம்!" கூரை அதிர்ந்தது. சேஷகிரியும் சேர்ந்துதான் சொன்னார். ஜூலியாவுக்கு மூச்சு வந்தது.

குரல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயம். தலைவரின் காதுதான் தராசு. எதிர்ப்பே இல்லாத தீர்மானத்துக்கும் இன்னொரு பக்கத்தைக் கேட்டாக வேண்டும். கேட்ட கையோடு முடிவை அறிவித்துவிடுவார்.

"இல்லை என்போர்?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைவரும் அறிவிக்கவில்லை.

அது வந்தது. திரி பற்றிய பிறகு வரும் அதே அமைதி. தூண் ஓரத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாக ஏறி நிரம்பியது. விசிறிக் காற்றின் சத்தத்தைத் தின்றது, காகிதச் சத்தத்தைத் தின்றது. ஜூலியாவின் காது அடைத்தது. தலைவர் தலையைச் சாய்த்து, ஒரு பெரிய கூச்சலை உற்றுக் கேட்கிறவர் போல நின்றார். அவர் முகம் சாம்பல் பூத்தது.

"இல்லை என்போரே..." எச்சில் விழுங்கினார். "இல்லை என்போரே மிகுதி. தீர்மானம் தோற்றது. அடுத்து, கேள்வி நேரம்."

ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் கேள்வித் தாளைப் புரட்டினார். உறுப்பினர் ஒருவர் எழுந்து "டிவிஷன்" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஆளாளாக எழுப்பி எண்ணியாக வேண்டும். மௌனத்தை யார் எழுப்பி எண்ண முடியும்? ஜெயித்துவிடலாம். ஜூலியா சேஷகிரியைப் பார்த்தாள். விதி தெரிந்த மனிதர். பாதி எழுந்தார், வாயைத் திறந்தார், என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்தவர் போல விழித்துவிட்டு உட்கார்ந்தார்.

மேலே அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்திக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் கீழே வந்து சேரவில்லை.

ஜூலியா எழுந்தாள்.

"டிவிஷன்!"

சொந்தக் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "டிவிஷன் கேக்கறேன்! எண்ணுங்க! அவர் அங்கதான் நிக்கிறாரு, உயிரோட நிக்கிறாரு, பாருங்க!"

தலைவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "இவர் உறுப்பினர் இல்லை. மேசையிலிருந்து வந்த எதுவும் பதிவுக்குப் போகாது."

மாற்ற வந்திருந்த நோயல் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்துவிட்டான். பெண் காவலர் ஒருத்தி வந்து அவள் கையை மெதுவாகத்தான் பிடித்தாள். "மேடம், ஏனாய்து? என்ன ஆச்சு? யாரைக் காட்டறீங்க?"

"எங்கப்பா. அங்க, தூண் பக்கத்துல."

காவலர் மேலே பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். "அல்லி யாரூ இல்ல, அங்க யாருமே இல்ல மேடம். வாங்க, தண்ணி குடிங்க."

மகளிர் குழுவில் கடைசியாக ஏறிவந்த பச்சைச் சேலைக்காரி இடம் தேடிக்கொண்டே தூண் பக்கம் வந்தாள். நல்ல உழைப்பாளி உடம்பு, படி ஏறிய களைப்பு. பையை அந்த இருக்கையில் வைத்தாள். தியோடர் கத்துவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார், அவள் வீங்கிய கால்களைப் பார்த்தார். பிறகு கீழே, காவலர் பிடியில் இருந்த மகளை ஒருமுறை பார்த்தார்.

நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து, அவள் உட்கார வழிவிட்டார்.