நாலு மணி நாலு நிமிஷத்துச் சூரியன்

ஒரே காலையில் சூரியனை இரண்டு தடவை உதிக்க வைத்தவன் நான். முதல் உதயம் எனக்கு அவ்வளவு திருப்தியாக இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி வரச் சொன்னேன். அதுவும் முகம் சுளிக்காமல் வந்தது.

இதைத்தான் போன பிப்ரவரியில் ‘புதுகை வெளிச்சம்’ வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்களைப் போட்டு, அடியில் எழுதினேன். குழுவில் நாங்கள் நாற்பத்தொரு பேர். மலை, கண்மாய், மூணாறு, பாலைவனம், எங்கே போய் எதை எடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் போட்டுவிட வேண்டும். குழுவை நடத்துகிற வைஷ்ணவி பொன்னமராவதியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பெண். அவள் போட்ட விதி ஒன்றே ஒன்று. இடமும் நேரமும் உண்மையாக இருக்க வேண்டும். வெட்டி ஒட்டிய படம் போட்டால் வெளியே.

நான் முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன். இந்த மாவட்டத்தில் நான் ஏறாத கம்பம் ஒன்று இருந்தால், அது நான் ஓய்வு பெற்ற பிறகு நட்டதாக இருக்கும். ஆவூரில் என் வீட்டுக்கு மேலே பறக்கிற கொக்குகள்கூட என்னைக் கேட்டுத்தான் திரும்பும் என்று ஒரு படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன். குழுவில் பாதிப் பேர் என் படத்தைப் பார்க்க வருவதில்லை, அதற்கு அடியில் இருப்பதைப் படிக்க வருகிறார்கள். எனக்கும் அதில் வருத்தமில்லை.

சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். ஆத்மநாதன் சார், ஆலங்குடிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் படம் போட்டாலும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மேகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். ரகுநாத்தின் மூணாறு படத்தில் வேறு ஊர் மேகம் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, அவனை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தவர்.

என் படங்களின் ஒரிஜினல் ஃபைலைக் கேட்டார். அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

“முதல் உதயம் அதிகாலை 4:04. ரெண்டாவது 4:49. இது எந்த ஊர்ச் சூரியன்ங்க?”

அந்த நேரத்தில் நான் கேமராவை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். கை சும்மா இருக்குமா? “நம்ம மேல உள்ள பிரியத்துல கொஞ்சம் சீக்கிரமே வந்துருச்சு சார்” என்று போட்டேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. “அங்கிள், விளையாடாதீங்க. விதின்னா எல்லாருக்கும் விதிதான்” என்று வைஷ்ணவி எழுதினாள்.

மனைவி அற்புதமேரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக்கூட நிறுத்தாமல், “நாலு நாலா? அது நம்ம ஏஞ்சல் மணிங்க” என்றாள்.

மகள் ஏஞ்சல் குவைத்தில் நர்ஸ். கேமரா அவள் அங்கே வாங்கி அனுப்பியது. அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். கேமரா வந்து இரண்டு வருஷமாக நான் அதன் கடிகாரத்தைத் தொட்டதே இல்லை; அதில் நாலு நாலு என்றால் இங்கே ஆறு முப்பத்து நாலு. அற்புதமேரிக்கோ அந்த நேரம் நாக்கு நுனியில் இருக்கும். சோறு வடிக்கும்போதே, “இப்ப அவ டூட்டிக்குக் கெளம்பியிருப்பா” என்பாள்.

அதையும் குழுவில் எழுதினேன். ஆத்மநாதன் சார் விடவில்லை. “கடிகாரமே தப்புன்னா அதுல பதிஞ்ச தேதியை மட்டும் எப்படி நம்புறது? ரெண்டும் வேற வேற நாள் எடுத்த படம்.”

உண்மையில் அது ஒரே நாள், ஒரே காலை. எங்கள் ஊர்ப் பக்கத்து மொட்டைப்பாறை உச்சியில் ஒரு உதயம் எடுத்தேன். இறங்கி மேற்கே கண்மாய்க்கரைக்கு ஓடினேன். அங்கே பாறையின் நிழலில் இன்னும் விடியவே இல்லை. சூரியன் பாறைக்குப் பின்னாலிருந்து மறுபடி கிளம்பி வந்தது. கொக்கு விஷயத்தில் நான் சொன்னது முழுப்பொய், எல்லாரும் ரசித்தார்கள். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை, ஒருத்தரும் நம்பவில்லை.

வேலையில் இருந்தபோது கரண்டு போனால் ஊரே என்னைத் தேடும். ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வந்த சத்தமெல்லாம் அந்தக் குழுவின் டிங் டிங்தான். அதையும் விட்டால் அவரைக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை அளக்க வேண்டியதுதான். அற்புதமேரி காசு கொடுத்தாலும் சிரிக்க மாட்டாள்.

கடைசியில் சாரே ஒரு வழி சொன்னார். “வர்ற ஞாயித்துக்கிழமை நானே வாரேன். கேமரா கூடாது, போன் கூடாது. கண்ணால பார்க்கணும். ஒரே காலையில ரெண்டு உதயம் நடந்தா நானே குழுவுல எழுதுறேன். நடக்கலைன்னா நீங்களா வெளிய போயிடணும்.”

“சரிங்க சார்” என்றேன். அவ்வளவு சின்னப் பதிலை நான் அதற்கு முன் எழுதியதில்லை.

“பூசை நேரத்துல சூரியனைப் பார்க்கப் போறீங்களாக்கும்” என்று அற்புதமேரி வாசல்வரை வந்து திட்டினாள். மாதா கோயில் சாயங்காலப் பூசைக்கு வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தேன். பாறை அடிவாரத்தில் சார் தன் ஸ்கூட்டரோடு நின்றார். இரண்டு போனையும் அதன் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஏறினோம்.

உச்சியில் கேமரா இல்லாமல் நின்றது விநோதமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாரின் கை, கேமரா தொங்குகிற இடத்துக்கு நெஞ்சுவரை போய்ப் போய்த் திரும்பியது. ஆறு முப்பத்து நாலுக்குக் கீழ்வானத்தில் ஒரு கீறல் மாதிரி எழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முழுசா வெளிய வர இவ்வளவு நேரம் ஆகுமா?” என்றார்.

“நீங்க நூறு உதயம் போட்டிருக்கீங்களே சார்?”

“எடுத்தேன். பார்த்ததில்ல போல.” பிறகு வருகைப் பதிவு எடுக்கிற குரலில், “ஒண்ணு” என்றார்.

மேற்குப் பக்கமாக இறங்க ஆரம்பித்தோம். பன்னிரண்டு நிமிஷத்தில் நான் இறங்குகிற பாறை அது. சாருக்கு முட்டி வலி. பத்தடிக்கு ஒரு தடவை நின்றார், மூன்று இடத்தில் உட்கார்ந்தே விட்டார். ஏழேகாலுக்குள் கண்மாய்க்கரையில் நிற்க வேண்டும். அவசரப்படுத்தவும் முடியவில்லை. பேச்சுக்காகக் கேட்டேன்.

“ஏன் சார் எல்லார் படத்தையும் இப்படிச் சோதிக்கிறீங்க?”

முட்டியைத் தடவிக்கொண்டே, “தினமும் நூறு நோட்டுத் திருத்துன கைங்க. இப்ப ஒருத்தரும் நோட்டு நீட்ட மாட்டேங்கிறாங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீங்க ஏன் இப்படி அளக்குறீங்க?”

“கம்பத்து மேல நின்னா தெருவே அண்ணாந்து பார்க்கும் சார். எறங்குன பிறகு யாரும் பார்க்கலை.”

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அடிவாரம் வந்தபோது கண்மாய்த் தண்ணீர் பளபளவென்று மின்னியது. நான் வழக்கமாக நிற்கிற கருவேல மரத்தின்மேல் வெயில் நன்றாக விழுந்துவிட்டது. சாரை விட்டுவிட்டு ஓடினேன். மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தால், பாறைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன். போச்சு. இரண்டாவது உதயம் என்னை விட்டுவிட்டு நடந்து முடிந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில் மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு சூரியனைக் கோட்டை விட்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

“அங்க என்ன பண்றீங்க? இங்கிட்டு வாங்க!”

சார் இருநூறு அடி தள்ளி, பாறையின் நிழலுக்குள் நின்றுகொண்டிருந்தார். தரையில் நிழல் முடிகிற விளிம்பைக் குனிந்து பார்த்தார். அது எறும்பு வரிசை மாதிரி மெல்ல அவரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“இன்னும் எனக்கு விடியலைங்க” என்றார். குரல் மாறியிருந்தது. “நிழலு உள்வாங்குது. உங்களுக்கு விடிஞ்சிருச்சு, எனக்கு இன்னும் ஆகலை. ஓடி வாங்க!”

ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். பாறையின் விளிம்பு முதலில் பொன்னாக ஓர் இழை பிடித்தது. பிறகு ஒரு பொறி. அப்புறம் கண் கூசும்படி எழுந்து வந்தது.

“ரெண்டு” என்றேன் நான்.

சார் விறுவிறுவென்று பாறையை நோக்கிப் பதினைந்து எட்டு நடந்தார். வலிக்கிற முட்டியைக் காணோம். நிழலுக்குள் போய் நின்று திரும்பி, அண்ணாந்து காத்திருந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“மூணு!” என்று கத்தினார். கண்மாயில் மேய்ந்த நாரைகள் எழுந்து பறந்தன.

பாறையைச் சுற்றி ஸ்கூட்டருக்கு வந்தபோது எட்டுக்கு ஏழு நிமிஷம் இருந்தது. சார் போனை எடுத்து நின்றபடியே தட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் போனில் டிங் என்றது.

“இன்று காலை மொட்டைப்பாறையில் சூரியன் மூன்று முறை உதித்தது.”

சிரிப்புப் பொம்மைகள் சரம் சரமாக வந்தன. “சார், நீங்களுமா? சந்தனராஜ் அங்கிளே ரெண்டுதானே சொன்னாரு?” என்று வைஷ்ணவி. “ஒரிஜினல் ஃபைல் எங்க சார்?” என்று ரகுநாத். இந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தவன் அவன்.

சாரின் காது சிவந்துவிட்டது.

“ரெண்டுன்னு மாத்திருங்க சார். நம்பிருவாங்க” என்றேன்.

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

“படம் இல்லை. நான் அங்கே நின்றேன். நடந்தது.”