தமிழ்மொழியின் இந்த ஆண்டு இலக்கு

செவ்வாய்க்கிழமை. தட்டச்சு வகுப்புக்குக் கிளம்புவதற்குள் இன்று காலை நடந்ததை வரிசை மாறாமல் எழுதிவிட வேண்டும். மாற்றி எழுதினால் நான் செய்த தப்பு சின்னதாகத் தெரியும்.

என் அக்கா லூர்துமேரியின் மகள் தமிழ்மொழிக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு மிகக் குறைவு. திண்டிவனத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் உடையை நனைத்துவிடுகிறாள் என்று ஜூலையிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரம் நான் ஜெராக்ஸ் கடையில் இருப்பேன். அக்காதான் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கும் கூலி வேலையைப் பாதியில் விட்டு ஓடிவர வேண்டும்.

இன்று அவளுக்கு ஆண்டு இலக்கு எழுதும் கூட்டம். போன வருடப் படிவத்தில் இருந்தது ஒரே இலக்கு: 'முப்பது நிமிடம் அமைதியாக உட்காருவாள்.' அதற்குப் பதிலாக, 'கழிப்பறை போக வேண்டுமென்றால் பட அட்டையைக் காட்டுவாள்' என்று எழுதவைத்தால் அவள் மாலை வரை பள்ளியில் இருக்கலாம். நாங்கள் கேட்கப் போனது அவ்வளவுதான்.

அதற்காகப் பன்னிரண்டு நாள் காலையில், வகுப்பு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, வராந்தாவில் உட்கார்ந்து அவள் எழுந்த நேரங்களையெல்லாம் குறித்தேன். நேற்று தட்டச்சு வகுப்பில் அதைக் கடிதமாக அடித்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். அதாவது, சரிபார்த்ததாக நினைத்தேன்.

தலைமை ஆசிரியை கோவிந்தம்மாள் தாளை வாங்கியவர் மேல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி இது? பெறுநர், மாவட்ட ஆட்சித் தலைவர், விழுப்புரம்னு இருக்குது. கலெக்டருக்கு மனு குடுக்கறதா இருந்தா இங்க எதுக்கு ஒக்காந்துக்கினு பேசணும்?"

வகுப்பில் நாங்கள் அடிக்கும் பயிற்சிக் கடிதமெல்லாம் ஆட்சியருக்குத்தான். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், எதுவானாலும். விரல் தானாக அந்த முகவரிக்குப் போயிருக்கிறது.

அக்கா என் காலை மிதித்தாள். வாயைத் திறக்காதே, கலெக்டர் பெயருக்கு மேடம் பயந்தால் பயப்படட்டும் என்று அர்த்தம். என்னால் முடியவில்லை.

"பழக்கத்துல வந்துடுச்சி மேடம். உங்களுக்குத்தான் அடிச்சேன்."

"ஆமாங்க மேடம்," என்றாள் அக்கா, வேறு வழியில்லாமல். "இவன் கல்யாணப் பத்திரிகை அடிச்சாலும் கலெக்டருக்குத்தான் அடிப்பான்."

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. தாளை மேசையில் தள்ளிவைத்தார். அதை எடுத்துப் படித்தவர் சிறப்பாசிரியர் தீனதயாளன். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், இந்தப் பள்ளிக்கு வாரத்தில் இந்த ஒரு நாள்தான்.

"மேடம், இதக் கொஞ்சம் பாருங்க. பதினெட்டு வாட்டி எந்திரிச்சிருக்கா. அதுல பதினாலு வாட்டி, எந்திரிக்கறதுக்கு முன்னாடி பாவாடை ஓரத்தப் புடிச்சி முறுக்கிக்கினு இருந்திருக்கா. போவணும்னுதான் எந்திரிக்கிறா. நாமதான் ஒக்கார வெச்சிக்கினே இருந்திருக்கோம்."

தலைமை ஆசிரியை தாளை வாங்கி இந்த முறை கடைசி வரை படித்தார். "சரி சார், யாரு கூட்டிக்கினு போறது? இங்க ஆயா கெடையாது."

"யாரும் கூட வர வேணாங்க," என்றாள் அக்கா. "வீட்ல அவளே போய்ட்டு வந்துடறா. போவ விட்டா போதும்."

தலைமை ஆசிரியை படிவத்தைத் தீனதயாளன் சார் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப, அரையாண்டுக்குள்ள பத்து வாட்டியில எட்டு வாட்டி அட்டைய காட்டணும். எழுதுங்க சார்."

எட்டு. கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் என் வாய் கேட்டுவிட்டது.

"அஞ்சுன்னு போடுங்க மேடம். எட்டுன்னா, ஏழு வந்தாலும் முடியலன்னு எழுதிடுவீங்க. எனக்கே பத்து வரியில அஞ்சுதான் தப்பில்லாம வருது."

"அதான் பாத்தனே," என்றார். இப்போது சிரித்தார். "ஆறு."

"ஆறே இருக்கட்டுங்க," என்றாள் அக்கா, நான் மறுபடி வாய் திறக்குமுன்.

தீனதயாளன் சார் படிவத்தில் இலக்கை எழுதினார். உட்காருவது இரண்டாம் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடமானது.

"நாளையிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இருக்கட்டும்," என்றார் தலைமை ஆசிரியை. "மாத்துத் துணி ஒண்ணு குடுத்தனுப்புங்க. ரெண்டு வாரம் பாக்கலாம்."

இரண்டு வாரம் போதுமா? ஒரு மாதம் கேட்டிருக்க வேண்டுமோ? இதை எழுதும்போதும் அதையே யோசிக்கிறேன். அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள், கொல்லை வேலைக்கு ஆள் சேர்க்கும் பவுனு அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"பவுனக்கா, நாளைக்கு எனக்கு நாள் முழுக்க வேலை போட்டு வையி. இல்லக்கா, நடுவுல ஓட மாட்டேன். நெசமாத்தான் சொல்றேன்."