எண்ணூர் குழியில் சிப்பி அடுக்கு

கான்கிரீட் லாரியின் குழாய் குழிக்கு மேல் நீண்ட அதே கணம், ஜெரினா உள்ளே குதித்தாள்.

எண்ணூரில் எழும்பப்போகும் கிடங்கின் அஸ்திவாரக் குழி அது. எட்டடி ஆழத்தில் வெள்ளையாக ஒரு சிப்பி அடுக்கு. நடுநடுவே நகத்தளவு கல் கத்திகள். கழிமுகத்து மட்டிச் சிப்பியை உடைத்துத் தின்ற ஆதிமனிதர்களின் கைவேலை. கடல் ஏறவும் இறங்கவும் அவர்கள் எப்படி இடம் மாறினார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

இன்ஜினீயர் அப்பாவு விளிம்பில் வந்து நின்றார். பத்து நாள் பொறுத்தாயிற்று. சிப்பியின் வயதைச் சொல்லும் ஆய்வகக் கடிதம் வந்தால் தொல்லியல் துறை தடை போடும். வராவிட்டால்?

"பன்னெண்டு மணி வரைக்கும்தான் மேடம். அப்புறம் நீங்க உள்ள இருந்தாலும் ஊத்துவேன்."

பதினொன்றே முக்காலுக்குச் செல்போனில் ஆய்வகக் கடிதம் வந்தது. ஒன்பதாயிரம் ஆண்டு!

துள்ளியிருக்க வேண்டும். ஆனால் எண்ணை மறுபடி படித்தாள். ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முன் கடற்கரை இங்கிருந்து பல மைல் கிழக்கே இருந்தது. அவள் நிற்கும் இடம் காய்ந்த மேட்டு நிலம். இங்கே மட்டி எப்படி விளையும்?

ஆய்வகம் தவறா, அவள் தவறா? கூடவே மண் தோண்டிய ராயபுரத்து நோயலிடம் வாய்விட்டே கேட்டாள். அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டுமாம். படித்தவர்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாராம்.

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்துகினு இருந்தீங்க. அதான் வாயத் தொறக்கல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"இது இந்த ஊரு மண்ணே இல்ல மேடம். பதினஞ்சு வருசம் முன்ன இங்க இடுப்பளவு தண்ணி. கப்பல் வர்ற வழிய ஆழமா நோண்டி, அந்தச் சேத்த பைப்புல இட்டாந்து ரொப்புனாங்க. பைப்பு புடிச்சதே நான்தான்."

சேற்றோடு வந்து படிந்த சிப்பியை அவள் ஆதி அடுக்கு என்று எழுதியிருந்தாள். அப்பாவுவிடம் காட்ட இனி ஒன்றுமில்லை. ஜெரினா ஏணியில் ஏறினாள். பின்னால் கான்கிரீட் சரசரவென்று இறங்கியது.

கல் கத்திகள் இருந்த பை மட்டும் கையில். அவை பொய்யில்லை. யாரோ செய்தவை, எங்கோ செய்தவை. பின்னால் ஏறி வந்த நோயலிடம் திரும்பினாள்.

"எங்கேர்ந்து நோண்டினாங்க?"

நோயல் கிழக்கே, பழைய கடற்கரை இருந்த திசையில், கை நீட்டினார். தொலைவில் நங்கூரம் போட்டுச் சரக்குக் கப்பல்கள் நின்றன.

"அந்தச் செவப்புக் கப்பல் நிக்குதே மேடம், அதுக்கு அடில."