ரெண்டு லாக்குப் போட்ட செயின்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே மரக்காணம் உப்பளத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. மேலே சூரியன் சுட்டால் கீழே உப்பு சுடும். அதனால் நாலு மணிக்கே பெண்கள் இறங்கிவிடுவார்கள். நீளக் கழியில் கோத்த பலகையால் உப்பை வாரி ஒதுக்குவார்கள், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் குவிப்பார்கள். பித்தவெடிப்பில் உப்புநீர் ஏறினால் உயிர் போகிற மாதிரி எரியும். அதை யாரும் வெளியே சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மெக்கானிக் சவரிமுத்துவுக்கும் வேலை அந்த நேரத்தில்தான். முதலாளி வெங்கடாசலத்தின் ரோட்டோர இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கடை வைத்திருந்தான். வாடகை கிடையாது. பதிலுக்கு முதலாளியின் ஆறு மோட்டார் சைக்கிள்களையும் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். போன ஐப்பசி மழையில் உப்பளத்துக்குள் போகிற லாரிப்பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. பாதையைச் சரி செய்தால் செலவு. எனவே முதலாளி ஓய்ந்துபோன ஆறு வண்டிகளை வாங்கி, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, உப்பு மூட்டையைக் கட்டி வரப்பின்மேல் ஓட்டவிட்டார். மூளைக்காரர்தான்.

உப்புக்கும் செயினுக்கும் ஆகவே ஆகாது. ஊரில் வருஷக்கணக்கில் உழைக்கிற செயின், இங்கே நாலு மாதத்தில் துருவேறித் தொங்கிவிடும். தினமும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டு உப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும், துணியால் துடைத்து எண்ணெய் விட வேண்டும், நடுவில் விரலால் தூக்கிப் பார்த்துத் தொய்வைச் சரி செய்ய வேண்டும். சவரிமுத்து இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவன். செய்கிறவன் என்ற பெயரும் அவனுக்கு இருந்தது. அந்தத் திங்கட்கிழமை வரை.

திங்கட்கிழமை அவன் முதலாளியிடம் போய் நின்றான். "மொதலாளி, காசிலிங்கம் அண்ணன் ஓட்டுற வண்டிக்கு செயின் செட்டே மாத்தணும்ங்க. முன்னாடி பல்சக்கரம், பின்னாடி பல்சக்கரம், செயின், மூணையும் ஒண்ணா மாத்துனாத்தான் நிக்கும். பல்லெல்லாம் கொக்கி மாதிரி வளைஞ்சிடுச்சி."

"இந்த சீசன் போவட்டும்டா. வண்டி ஓடுதா, இல்லியா?"

"ஓடும்ங்க. ஆனா நடுவுல ரெண்டு கண்ணி மடங்காம இறுகிப்போயி..."

"அத வெட்டிட்டு ஒட்டுப் போடு. ஓடுதில்ல, அப்பறம் இன்னா?"

அவனிடம் பதில் இருந்தது, வாய்தான் வரவில்லை. கொட்டகை யார் இடத்தில் நிற்கிறது என்பது வாய்க்குத் தெரியும்.

இறுகிப்போன கண்ணிகளை வெட்டி எடுத்தான். செயினின் இரண்டு முனையையும் சேர்த்துப் பூட்டுகிற லாக்கு ஏற்கனவே ஒன்று இருந்தது; வெட்டிய இடத்தைச் சேர்க்க இன்னொன்று வேண்டும். புது லாக்கு கையிருப்பில் இல்லை. திண்டிவனத்துக்கு ஒரு நடை பஸ் ஏறினால் கிடைத்திருக்கும். அவன் ஏறவில்லை. பழைய டப்பாவைக் கிளறி, தளர்ந்துபோன ஒரு லாக்கை எடுத்து மாட்டினான். ஒரு செயினில் ரெண்டு லாக்கு. பூட்டும்போதே கைக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பூட்டினான். பழைய லாக்கைப் போடச் சொன்னது முதலாளி இல்லை.

புதன்கிழமை விடியற்காலையில் காசிலிங்கம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், பேச்சு குறைவு. "சவரி, மேடேறும்போது டக்கு டக்குன்னு இடிக்குதுப்பா. ஒரு தபா பாரேன்."

சவரிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "ஒண்ணும் ஆவாதுண்ணே. ஓட்டு."

பத்து மணிக்குக் கத்தல் கேட்டது. ஓடினான். மேடேறும்போது செயின் அறுந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் பூட்டினாற்போல நின்று, மூட்டைகளோடு வண்டி பாத்திக்குள் சரிந்திருந்தது. அடியில் காசிலிங்கத்தின் வலது கால். நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கியபோது வெள்ளையாக எலும்பு தெரிந்தது, அதன்மேல் உப்புநீர். அவர் மனைவி அமுதவல்லி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். வேனில் ஏற்றும்போது காசிலிங்கம் சவரிமுத்துவைப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாதுன்னியேப்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரிந்த வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். மதியம் முதலாளியின் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் கையில் ஒரு பார்சல். பிரித்தால் புத்தம்புது செயின் செட், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி.

"இப்பவே மாட்டு. கழுவி, தொடச்சி, வண்டி புதுசாட்டம் நிக்கணும். நாளைக்கி யாராச்சும் வந்து கேட்டா, வண்டி நல்லாத்தான் இருந்திச்சி, அவன் தண்ணியப் போட்டுட்டு ஓட்டுனான்னு சொல்லிடு."

"அவரு குடிக்கிறவரு இல்லீங்க."

"உன்ன அதக் கேட்டனா? கழட்டுன பழசக் கால்வாயில கெடாசிடு. கடையப் பத்தி நெனப்பு இருக்குதில்ல?"

ஜீப் போனதும் சவரிமுத்து உட்கார்ந்தான். ஸ்பேனரை எடுத்தான். பின்சக்கரத்தைக் கழற்றி, வளைந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான். முன்பக்கத்துச் சின்னதையும் மாற்றினான். புதுச் செயினைச் சுற்றி, ஒரே ஒரு லாக்கு, அதன் திறந்த வாய் செயின் ஓடுகிற திசைக்குப் பின்னால் பார்க்கும்படி போட்டான். அச்சைத் தள்ளி, சக்கரம் கோணாமல் நேர் பார்த்து முறுக்கினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது பல்லில் செயின் அமர்ந்து சத்தமே இல்லாமல் ஓடியது. மொத்தம் ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாததால் ஒரு மனிதனின் கால் வண்டிக்கு அடியில் கிடந்ததே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பழையதைச் சாக்கில் கட்டிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய்க் கரைக்குப் போனான். சாக்கைத் தூக்கினான். வீச முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அமுதவல்லி மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் அவனைக் கண்டதும் முகம் இறுகியது.

"காலு நிக்குமா, எடுக்கணுமான்னு நாளைக்கித்தான் சொல்வாங்களாம். இன்னா வேணும் உனக்கு?"

சாக்கை அவிழ்த்து அவள்முன் வைத்தான். முதலாளி சொன்னதைச் சொன்னான். பழைய லாக்குப் போட்டதைச் சொன்னான். டீயை வைத்துவிட்டு எழுந்திருக்காததையும் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான்.

"வேன்ல போற வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கினு வந்தாரு. சவரி ஒண்ணும் ஆவாதுன்னானேன்னு." அவள் பல்சக்கரத்தை எடுத்துத் தேய்ந்த பல்லைக் கட்டைவிரலால் தடவினாள். "எங்கிட்ட அழுவாத. எனக்கு மட்டும் சொன்னா இது இந்த ஊட்டோட போயிடும். விடிகாலையில உப்பு மேட்டாண்ட வா. எல்லாரு எதிர்லயும் சொல்லு."

"சொன்னா கடை போயிடும் அண்ணி."

"என் ஊட்டுக்காரருக்குக் காலே போவுது."

மறுநாள் விடியலில் கூடைகளோடும் பலகைகளோடும் நின்ற நாற்பது பேர் நடுவில் சவரிமுத்து சொன்னான். தன் பங்கையும் மறைக்கவில்லை. இரண்டாம் வண்டி ஓட்டுகிற திருமுருகன் பாய்ந்து போய்த் தன் வண்டியின் செயினைப் பார்த்தான். அதிலும் ரெண்டு லாக்கு, அதே திங்கட்கிழமை அதே டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டது. திரும்பி வந்து சவரிமுத்துவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"எனக்கும் இதத்தான் போட்டுக் குடுத்தியா? ரெண்டு கொழந்த இருக்குதுடா எனக்கு!"

சவரிமுத்து கையைத் தட்டிவிடவில்லை. அடி விழுந்திருந்தால் வாங்கியிருப்பான். அமுதவல்லிதான் குறுக்கே வந்தாள். "இவன அப்பறம் அடிக்கலாம். மொதல்ல செயினக் கழட்டு."

ஐந்து வண்டிகளின் செயின்களும் கழன்றன. உப்பு மேட்டின்மேல் வரிசையாகப் போட்டார்கள். பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியபோது வெங்கடாசலம் வந்து சேர்ந்தார்.

"ஒரு செயின் அறுந்ததுக்கு இவ்ளோ கூத்தா? தண்ணியப் போட்டுட்டு வுழுந்தா நானா பொறுப்பு?"

அமுதவல்லி உட்கார்ந்தபடியே கேட்டாள். "குடிச்சிட்டு வுழுந்தவரு வண்டிக்கி மத்தியானமே புது செயின் செட் எதுக்கு மொதலாளி? நேத்து வாங்கத் தெரிஞ்சது திங்கக்கெழம வாங்கத் தெரியலியா?"

முதலாளி சவரிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார்.

"அவரு எழுந்து நடக்குற வரைக்கும் வைத்தியம் நீங்க பாக்கணும்" என்றான் திருமுருகன். "எல்லா வண்டிக்கும் செயின் செட் மாத்தணும். லாரிப்பாதையப் போடணும். அது வரைக்கும் மூட்ட நகராது."

"மழ வந்தா உப்பு கரையும்டா. அப்ப பேசுங்க."

"கரையட்டும். அது உங்க உப்பு" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

வெங்கடாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "டேய் சவரி! இன்னும் ஒரு மணி நேரத்துல கொட்டா காலியாவணும். இல்லன்னா சாமானெல்லாம் ரோட்டுல கெடக்கும்." ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

சவரிமுத்து கடைக்கு நடந்தான். காற்றடிக்கிற பம்பு, ஸ்பேனர் பெட்டி, டயர்கள், எண்ணெய் டின்கள். பதினோரு வருஷத்துச் சாமான். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றான். இது தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது.

பின்னால் காலடிச் சத்தம். உப்புக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஸ்பேனர்களை அள்ளிக் கூடையில் போட்டாள். இன்னொருத்தி எண்ணெய் டின்களை அடுக்கினாள். திருமுருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டே பம்பைத் தோளில் ஏற்றினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், யாருடைய பட்டாவிலும் சேராத வேப்பமரத்தடிக்குச் சாமான் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாக வந்த அமுதவல்லி, தேய்ந்த பல்சக்கரத்தையும் அறுந்த செயினையும் தன் கூடையில் வைத்தாள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு கூடைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி..." என்றான் அவன்.

"மன்னிச்சிட்டன்னு நெனச்சிக்காத" என்றாள் அவள். "அவரு குடிச்சிட்டு வுழலன்னு எழுதி வைக்க இத ஆஸ்பத்திரியிலயும் காட்டணும், லேபர் ஆபீஸ்லயும் காட்டணும். நீயும் கூட வந்து சொல்லணும். ஒரு கை குடு, தூக்கு."

அவன் குனிந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.