கிழக்குப் பக்கத்துக் கல்

மணல்மேட்டைக் கடற்காற்று அரித்துத் தின்றதில் வெளியே வந்த பழங்காலக் கல்லறை அது. மூன்று பக்கம் பலகைக்கல், மேலே மூடுகல். கிழக்குப் பக்கம் மட்டும் வாயைப் பிளந்து கிடந்தது. சுற்றிலும் நெடுங்கற்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. கயிறு கட்டி, டேப் பிடித்து, ஒவ்வொரு கல்லையும் வரைவது அவள் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. வேலை தற்காலிகம்தான், ஆனால் வரைபடத்தின் மூலையில் அவள் பெயர் அச்சாகும்.

"கிழக்குப் பக்கத்தை அப்படியே விட்டுடும்மா," என்றார் தொல்லியல் துறை அதிகாரி. "மத்த எடத்துல அந்தப் பக்கத்துக் கல்லுல வட்டமா ஒரு ஓட்டை இருக்கும். இதைக் கட்டினவங்களுக்கு அது கைவரலை போல. பாதியிலயே விட்டுட்டாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. கைவராமல் என்ன? ஓட்டை போட்ட அந்தக் கல்லின் மறைவில்தான் அவள் இத்தனை வருஷமாகக் குளிக்கிறாள். கொல்லையில் மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் கல். தலைகீழாக நட்டிருந்ததால் ஓட்டை தரையோடு இருந்தது. சோப்புத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு மீன் கொட்டகையில் ஐஸ் உடைக்கிற வேலை. வீடு வந்ததும் குளித்தால்தான் மனுஷி.

"நீ சொன்னாத்தானே கேப்பாங்க. வாயை மூடிட்டு இரேன்."

"சொல்லலைன்னா அதைக் கட்டினவங்களுக்கு வேலை தெரியாதுன்னு போட்டுருவாங்கம்மா. அதுவும் என் பேரைப் போட்டு."

"நான் கட்டிக்கிட்டு வந்தப்ப இங்க ஒரு மறைப்பு கிடையாதுடி. எல்லாரும் எந்திரிக்கிறதுக்குள்ள துணியைச் சுத்திக்கிட்டுக் குளிக்கணும். நானும் உங்க அத்தையும் படகு ஏத்துற உருளைக்கட்டையை அடியில போட்டு மேட்டுலேருந்து அந்தக் கல்லைத் தள்ளிட்டு வந்தோம். அன்னைக்குப் போன இடுப்பு உங்க அத்தைக்கு இன்னும் திரும்பி வரலை."

அம்மா அத்துடன் விட்டுவிட்டாள். மகளால் விட முடியவில்லை. மறுநாள் அதிகாரியிடம் போட்டு உடைத்தாள்.

மனுஷர் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து கிளம்பி வந்தார். வந்த நேரம் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி அது?"

"எங்க ஆபீசரும்மா. கல்லைப் பார்க்கணுமாம்."

"நிக்கச் சொல்லு. அதுக்குள்ள படுத்திருந்தவங்க எத்தனை ஆயிரம் வருஷமோ பொறுத்துக் கெடந்தாங்க. இவரால நான் தலை தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் நிக்க முடியாதா?"

அவர் நிற்கவில்லை. வெளிப்பக்கம் குந்தி உட்கார்ந்து, ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார். "எவ்வளவு சுத்தமான வட்டம் பாரு," என்று முணுமுணுத்தார். நுரைத் தண்ணீர் வந்து முழங்கால்வரை நனைத்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது.

அம்மா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"சுவர் கட்டிக் குடுத்துட்டுத் தாராளமா எடுத்துட்டுப் போங்க."

"அதுக்கு விதியில இடமில்லைம்மா. கல்லு அரசாங்கச் சொத்து. கேஸ்கூடப் போடலாம்."

"போடுங்க. உங்க அத்தைக்கும் சேர்த்துப் போடச் சொல்லுடி, இல்லைன்னா கோவிச்சுக்குவா."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீயாவது எடுத்துச் சொல்லேன். அடுத்த மாசம் உன் வேலையை நீட்டிக்கிற பேச்சு வேற இருக்கு."

"என்ன சார் சொல்ல? ஆபீசுக்கு நாலு வரிசை செங்கல் வைக்கத் துப்பில்லை, அதனால நீ வெட்டவெளியில குளின்னு எங்கம்மாகிட்ட சொல்லணுமா?"

கத்தவில்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாய்வதற்குள் அம்மா டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அவள் கல்லை அளந்தாள். "இந்தப் பக்கம் மூலை உடைஞ்சது எங்களால. அதையும் போட்டுக்கோ," என்றாள் அம்மா. உடைந்த மூலையையும் போட்டாள்.

வரைபடம் அதிகாரியின் மேசைக்குப் போனது. கிழக்குப் பக்கத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு கல், அதில் வட்டமாக ஒரு ஓட்டை. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இக்கல் அருகிலுள்ள வீட்டின் குளியலறைச் சுவராகப் பயன்பாட்டில் உள்ளது.'

"இந்த வரியை எடுத்துடலாமேம்மா. மேல இருக்கிறவங்க சிரிப்பாங்க."

"எடுத்துடலாம் சார். சுவர் வரட்டும்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, அன்று நுரைத் தண்ணீரில் நனைந்து காய்ந்த அதே கால்சட்டையைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.