அடியில் ஒரு வாய் கேஸ்

"நாத்தம் அடிக்குதுடா, நான் சொல்றேன் இல்ல..."

"ஒண்ணும் அடிக்கல. நேத்துலேர்ந்து இதே பாட்டு..."

"முட்டை அழுகின நாத்தம்! இப்பத்தான் டேங்க் பக்கத்துல போய் நின்னுட்டு வரேன்..."

"நானும்தான் காலையிலேர்ந்து அங்க நின்னு பனி வாரினேன். எனக்கு மட்டும் மூக்கு இல்லையா?"

ஐலி காபிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி காபி மேசைக்குப் போயிற்று. தம்பி ரெய்னோ அதைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தான். எழுபது வயதுக்கு மேல் ஆகியும் துணி எடுத்துத் துடைக்கத் தெரியாத பிறவி. அவள் கணவனும் இவன் மனைவியும் போன பிறகு, ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த இந்தப் பெற்றோர் வீட்டில் அக்காவும் தம்பியுமாகக் குடியிருந்தார்கள். அவள் கிழக்கு என்றால் அவன் மேற்கு. அது தொட்டில் காலத்திலிருந்தே அப்படித்தான்.

ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் கேஸ் டேங்க் பனிக்குள் பாதி புதைந்து படுத்திருந்தது. நீளமான வெள்ளை உடம்பு, முதுகில் ஒரு மூடி. ரெய்னோ அதற்குப் பன்றி என்று பெயர் வைத்திருந்தான். மூடிக்குள்ளே கேஸ் அளவு காட்டும் முள் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

அந்த டேங்க் அவர்களுடையதில்லை. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது. செப்டம்பரில் பழைய கம்பெனி விலையை ஏற்றியபோது ரெய்னோ மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டான். எடுத்தவர்கள் அத்தனை பேரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "டேங்க் உங்களதா, கம்பெனியோடதா?" கம்பெனியோடது என்றால் வேறு யாரும் அதில் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள். ஒருவர், டேங்க்கை விலைக்கு வாங்கிப் போட்டுவிடுங்கள், பிறகு யாரிடம் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம் என்றார். டவுனில் இருந்த புதுக் கம்பெனி, டேங்க்கும் எங்களது, வாடகையும் கிடையாது, விலையும் குளிர்காலம் முழுக்க ஏறாது என்றது. ரெய்னோ அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டான். அதுவரைக்கும் சரி. ஐலியும் வாய் திறக்கவில்லை.

ஆனால் புது டேங்க் வர வேண்டுமானால் பழையதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பழையதன் அடியில் கேஸ் மிச்சம் இருந்தது. மிச்சத்துக்குப் பழைய கம்பெனி பைசா தராது.

"காசு குடுத்து வாங்கின கேஸை அவனுக்கே தானமா குடுக்கவா? அடி வரைக்கும் எரிச்சுட்டு மாத்திக்கலாம்" என்றான் ரெய்னோ.

புதுக் கம்பெனியில் போன் எடுக்கும் டார்லா என்ற பெண் அக்டோபரிலேயே எச்சரித்தாள். "இப்பவே மாத்திடுங்க மிஸ்டர் ரெய்னோ. பனி விழுந்துட்டா எங்க லாரி உங்க பாதைக்குள்ள வராது."

"பனி என்னைக் கேக்காம வராதும்மா" என்று சிரித்தான் அவன்.

இலையுதிர்காலம் அந்த வருஷம் இதமாக இருந்துவிட்டது. ஹீட்டருக்கு வேலையே இல்லை. முள் நகரவே மாட்டேன் என்றது. ரெய்னோ தினமும் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்று லாட்டரி அடித்தவன் மாதிரி வந்து சொல்வான். பிறகு ஒரே வாரத்தில் ஏரி தன்னிடம் இருந்ததையெல்லாம் பனியாக்கித் தூக்கி அவர்கள் மேல் கொட்டியது. பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பனி தள்ளும் வண்டி பெரிய சாலையோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஐலிக்குச் சரியான தூக்கம் கிடையாது. சுவர் ஹீட்டர் மூச்சு விடுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கிடப்பாள். இரண்டு மூச்சுக்கு நடுவில் கொஞ்சம் நேரமானால் இவளுடைய மூச்சும் நின்றுவிடும்.

நாற்றத்துக்காகச் சண்டை போட்டதற்கு மறுநாள் விடிந்தபோது ஹீட்டரின் மூச்சு நின்றே விட்டது.

வாசல் தூண் குளிரில் பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. சமையலறையில் அம்மா காலத்து அடுப்பின் பர்னரில் நீலம் சுருங்கிச் சுருங்கி, ஒரு பொட்டாகி, அணைந்தது. அடுப்புக்குள்ளே எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் குட்டிச் சுடரும் கூடவே போயிற்று. சுவர் ஹீட்டர் 'டிக்' என்று கேஸ் வழியைத் தானே பூட்டிக்கொண்டது. புது ஹீட்டருக்கு அந்த அறிவு உண்டு. அம்மாவின் அடுப்புக்கு அது கிடையாது.

"தீர்ந்துபோச்சு" என்றாள் ஐலி.

"தீரல. இந்தக் குளிர்ல கேஸ் ஆவியா எழுந்திருக்காது. அடியில ஒரு வாய் கிடக்கும்."

"அப்ப டேங்க்ல போய் வால்வை மூடு."

"மூடினா அந்த ஒரு வாய் எப்படி வரும்? நீ கோட்டைப் போடு. சவுனாவுக்குப் போயிடலாம்."

கொல்லைக் கோடியில் அப்பா மரத்தால் கட்டிய சவுனா, ஆவிக்குளியல் அறை, இருந்தது. விறகு அடுப்பு, அதன் மேல் கற்குவியல். யாருடைய டேங்க்கும் அதற்குத் தேவையில்லை. சனிக்கிழமை மட்டும் எரிகிற அடுப்பை ரெய்னோ வியாழக்கிழமை காலையில் மூட்டினான். சூட்டு அறையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முன்னறைப் பெஞ்சில் இரண்டு பேரும் கோட்டோடு உட்கார்ந்தார்கள். ஐலி கையோடு கொண்டு வந்த ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். போன முறை சுட்டபோது அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போயிருந்தாள். திரும்பி வந்தால் ரொட்டி கரிக்கட்டை, வீடு முழுக்கப் புகை. இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"இது கருகல. பயப்படாமச் சாப்பிடு."

"கருகினதையும் நான்தானே தின்னேன்? ஒரு வார்த்தை சொன்னேனா?"

அவள் எழுந்து சூட்டு அறைக்குள் போய், வாசனைக்கு வைத்திருந்த பைன் மரத் தார் புட்டியிலிருந்து நாலு சொட்டு வாளித் தண்ணீரில் விட்டு, ஒரு கரண்டி மொண்டு கற்களின் மேல் ஊற்றினாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. தாரின் புகை வாசனை அறையை நிறைத்து, மூக்கின் உச்சி வரை ஏறி, அன்றைக்கு முதல்முதலாக அவள் தோள்களைக் கொஞ்சம் தளர்த்தியது.

"என்ன, இன்னிக்கித் தார் கிடையாதா? என் மேல இருக்கிற கோபத்தைத் தாருல காட்டுறியா?" என்றான் ரெய்னோ.

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு." வம்புக்கு இழுக்கிறான் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சின்ன ஜன்னலில் வெயில் விழுந்தது. ரெய்னோ எட்டிப் பார்த்தான். பன்றியின் முதுகில் அவன் பனியை வாரிவிட்ட இடம் ஈரமாக மின்னியது. அவன் முகத்தில் அந்த லாட்டரிச் சிரிப்பு வந்தது.

"பார்த்தியா? வெயில் பட்டா எழுந்துக்கும். போய் ஒரு குச்சி கொளுத்திப் பார்க்கிறேன். காபிக்கு ஆகும்."

"காபி இங்கேயே போடலாம். வேண்டாம், உட்காரு."

வேண்டாம் என்று அவள் சொன்னதே அவனுக்குப் போதுமாயிருந்தது. காது மூடும் தொப்பியைக் கட்டினான். நெருப்புப் பெட்டி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

அவன் போய் ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஐலியின் கைபேசி அடித்தது. டார்லா.

"மத்தியானம் உங்க சாலைக்குப் பனி வண்டி வருதும்மா. பின்னாடியே எங்க ஆளுங்க வருவாங்க. கேஸ் எப்படி இருக்கு?"

"காலையிலேயே நின்னுபோச்சு."

"வால்வை மூடிட்டீங்களா?"

"இல்லைம்மா. தம்பி வேண்டாம்னுட்டான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அடுப்பு பழசா? உள்ள குட்டிச் சுடர் இருக்கிற அடுப்பா?"

"எங்க அம்மாவோடது."

"கேளுங்கம்மா. சுடர் அணைஞ்சா பழைய அடுப்பு குழாயை மூடாது. வெயில்ல கேஸ் திரும்பினா நேரா வீட்டுக்குள்ளதான் வரும், தரையோட படுத்துக்கும். யாரும் உள்ள போக வேண்டாம், விளக்குச் சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம். யாராவது இருக்காங்களா உள்ள?"

"தம்பி போயிருக்கான். நாத்தம் அடிச்சா வெளிய வந்துடுவான். மூக்கு நல்ல..."

ஐலி நிறுத்தினாள்.

அறை முழுக்கத் தார் மணத்துக்கொண்டிருந்தது. அவள் தலைமுடியில், கோட்டில், ரொட்டியில்கூடத் தார். தார் கிடையாதா என்று கேட்டவன் வம்புக்கு இழுக்கவில்லை. கருகிய ரொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவன் சோம்பேறியுமில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், ஊரில் பலருக்கு வாசனையே தெரியாமல் செய்த அந்தக் காய்ச்சல் அவனுக்கும் வந்து போனபிறகு, சர்ச் விருந்துக்கு மீனைப் புகையில் வாட்டுவதை விட்டுவிட்டான். அவன் மூக்கை நம்பித்தான் ஊரே மீன் வாங்கியது. முழங்கால் வலி என்றான். எல்லோரும் நம்பினார்கள். எனக்கு மட்டும் மூக்கு இல்லையா என்று நேற்றுக் கத்தினானே, அதில் இருந்தது கோபமில்லை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

கைபேசி பெஞ்சிலேயே கிடந்தது. ஐலி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பூட்ஸ் போட மறந்திருந்தாள், கம்பளிக் காலுறையோடு பனிக்குள் முழங்கால் வரை இறங்கினாள். அவனுடைய காலடிப் பள்ளங்கள் நேராகப் பின்வாசலுக்குப் போயின. அவன் படியில் நின்று பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பனியைத் தட்டுவான், அதில் மட்டும் ஒழுங்கு.

"ரெய்னோ! குச்சி கொளுத்தாதே! கேஸ்!"

தொப்பி காதை மூடியிருந்தது. எதிர்க்காற்று அவள் வார்த்தைகளைப் பிடுங்கி அவள் முகத்திலேயே எறிந்தது. அவன் திரும்பிப் பார்த்தான், காதில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். கையை ஆட்டினாள். அவனும் பதிலுக்குக் கையை ஆட்டினான், காபி வருது என்கிற மாதிரி. உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

அவள் விழுந்து எழுந்தாள். கொளுத்தாதே என்றால் கொளுத்துவான். வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வான். எழுபது வருஷமாக அவனிடம் அவள் சொல்லாத வார்த்தை ஒன்றுதான் உண்டு, அதைக் கேட்க அவன் எங்கிருந்தாலும் ஓடி வருவான். சமையலறை ஜன்னலில் அவனுடைய நிழல் அடுப்புப் பக்கம் குனிவது தெரிந்தது. பன்றியின் முதுகிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சையெல்லாம் திரட்டி, ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்:

"ரெய்னோ, நீ சொன்னதுதான்டா சரி! நாத்தமே இல்ல! வெளிய வா, வந்து என்னைப் பார்த்துச் சிரிடா!"