டிஸ்டம்பருக்குப் படிந்த விலை

ஒரு சிறுத்தைக் குடும்பத்தின் விலை இரண்டு டீ. அதைப் பேசி முடிக்க அவளுக்கு ஒரு முனைவர் பட்டம் தேவைப்பட்டது.

பெயின்ட் கடைக்காரர் மகள். கல்லாவில் உட்கார வேண்டியவள் காட்டில் சிறுத்தை எச்சம் பொறுக்கப் போனாள். எதில் ஆராய்ச்சி என்று உறவுக்காரர்கள் கேட்டால் அப்பா பேச்சை வார்னிஷ் விலைக்குத் திருப்பிவிடுவார்.

கல்குவாரிக் குன்றில் ஒரு தாய்ச் சிறுத்தை, இரண்டு குட்டிகள். அங்கே எடுத்த எச்சத்தில் டிஸ்டம்பர் நோய்க் கிருமி இருப்பதாக ஆய்வகம் சொன்னதும் பெரிய கண்டுபிடிப்பென்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாள். "சுவருக்கு அடிக்கிற டிஸ்டம்பரா? நம்ம கடையிலயே வாளி வாளியா இருக்கே, அதுக்கா காட்டுக்குப் போனே?" என்றார் அப்பா. மறுவாரம் ஆய்வகத்திலிருந்து மறுபடி போன். கிருமி உண்மைதான், எச்சம்தான் நாயுடையது.

வெட்கம் ஆறிய பிறகுதான் புத்தி வந்தது. இன்று நாயிடம் இருப்பது நாளை குட்டிகளுக்கு ஒட்டும், ஒட்டினால் அவை பிழைக்கா. குன்றடியில் ஒரு கறிக்கடை. கழிவுக்குப் பகலில் நாய்கள் வரும், இருட்டியதும் சிறுத்தை வரும். நாய்களுக்கு ஊசி போட்டாக வேண்டும்; அவை கறிக்கடைக்காரர் கைக்குத்தான் அடங்கும்.

கறிக்கடைக்காரரிடம் கிருமியின் பூர்வீகம் முழுக்க விளக்கி, எல்லாம் இலவசம் என்று பெருமையாக முடித்தாள். அவர் கத்தியைத் துடைத்தார்.

"சும்மா தர்றேன்னா சரக்குல ஏதோ கோளாறும்மா. வேற இடம் பாரு."

மூன்று முறை இதே பதில். நாலாவது முறை அவளுக்குள் இருந்த கடைக்காரி விழித்துக்கொண்டாள்.

"சும்மா இல்லண்ணே. ஒரு நாய்க்கு ஒரு டீன்னு எனக்கு நீங்க வாங்கித் தரணும்."

"கொள்ளையா இருக்கே. மொத்தத்துக்கும் ஒண்ணு."

"கட்டாதுண்ணே. மருந்து ஐஸ் பெட்டியில வந்திருக்கு. மூணு."

"ரெண்டு. அதுக்கு மேல பேசாத."

நஷ்டப்பட்ட முகத்தோடு தலையாட்டினாள்; அது பேரம் படிந்ததும் அப்பா கல்லாவில் காட்டும் முகம். பேசிய விலை வீணாகக் கூடாதென்று அவரே ஒவ்வொரு நாயாகப் பிடித்துக்கொடுத்தார்.

அப்பாவிடம் போனில் சொன்னாள். அவள் வேலையைப் பற்றி அவர் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவுல ஆரம்பிச்சே?"

"நாய்க்கு ஒண்ணு."

"தப்பு. நாய்க்கு ரெண்டுல ஆரம்பிச்சிருக்கணும்."

மழைக்காலம் முடிந்ததும் கணக்குப் பார்த்தாள். ஊசி போட்ட நாய்கள் ஒன்பது. வாங்கிய கடி இரண்டு. குன்றில் துள்ளும் குட்டிகள் இரண்டு. வந்த டீ ஒன்று. பாக்கி ஒன்று; அதை அவள் கேட்கவே இல்லை. அடுத்த வருட ஊசிக்குக் கறிக்கடைக்காரரைப் பிடிக்க அந்தப் பாக்கி வேண்டும்.